மராத்தி மலரில் பள்ளத்தாக்கு கடலாகிவிட்டது: தப்பு ஃபான்டிலா, எழுத்திலா?

தாராவி டிடிபி:
மும்பை தாராவியில் அப்பா காலத்து டிடிபி கடை, அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் வேலை. மராத்தி மலையேற்றக் குழு ஒன்றின் ஆண்டு மலரை நாங்கள்தான் செய்கிறோம். காசு கொடுத்து வாங்கிய பழைய ஃபான்ட், டாங்கிள் என்ற உரிமப் பூட்டைக் கணினியில் செருகினால்தான் வேலை செய்யும். போன மாதம் டாங்கிள் போய்விட்டது. கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். கன்வர்ட்டரில் யூனிகோடாக்கி, இலவச ஃபான்டில் வைத்துக் கொடுத்தேன். ப்ரூஃப் பார்த்த மராத்தி அம்மா பக்கமெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுவிட்டார். பள்ளத்தாக்கு வரும் இடமெல்லாம் கடலாம். 'ல'வும் இந்தி 'ல'வாம். என்ன செய்ய?

புனே எழுத்தர்:
தம்பி, இது இரண்டு தனித்தனிக் கோளாறு.

கடலுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் உள்ள மராத்திச் சொற்கள் இரண்டையும் நம் தமிழ் எழுத்தில் 'தர்யா' என்றுதான் எழுதுவோம். மராத்தியில் கடலுக்கு அந்த 'ர்' 'ய'வின் தலைமேல் கொக்கியாக வரும். பள்ளத்தாக்குக்கு 'ய'வின் இடப்பக்கம் இமைமுடி போல ஒரு வளைகோடு. உங்கள் கன்வர்ட்டர் எல்லாவற்றையும் கொக்கியாக்கிவிட்டது. அந்த இடங்களில் அடியில் புள்ளி வைத்த 'ர', ஹலந்த் (நம் மெய்ப்புள்ளி மாதிரி), 'ய' என்று அடியுங்கள். அந்தப் புள்ளி 'ர' வேறு யாரும் இல்லை, நம் 'ற'தான்! திராவிட றகரத்தை, இந்தியும் மராத்தியும் எழுதும் நாகரியில் எழுத யூனிகோட் வைத்திருக்கும் எழுத்து அது. அதன் அரை வடிவம்தான் மராத்திக்காரர்களின் இமைமுடி. தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒட்டுமொத்தமாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். 'சூர்ய', 'கார்ய' எல்லாம் கொக்கிதான் சரி.

'ல' விஷயம் ஃபான்டுடையது. இந்தி 'ல'வுக்கு வலப்பக்கம் நேர்க்கோடு நிற்கும். மராத்தி 'ல' நடுத்தண்டில் தொங்கும் இரண்டு சுருள். நோட்டோ தேவநாகரி என்ற இலவச ஃபான்டில் இரண்டும் உண்டு, பத்தியின் மொழியை மராத்தி என்று குறித்தால்தான் மாறும். 'டிரோ தேவநாகரி மராத்தி' என்ற ஃபான்டில் அந்த வேலையே இல்லை, மராத்தி 'ல'தான் வரும்.

மாட்டுங்கா வாசகி:
டிரோவில் போல்ட் கிடையாது. போல்ட் பொத்தானை அழுத்தினால் மென்பொருளே கோட்டைத் தடிப்பாக்கி, சுருளெல்லாம் மை அடைத்தாற்போல் ஆகிவிடும். தலைப்புக்கு முக்தா போடுங்கள், ஏழு தடிமன் இருக்கிறது. மூன்றுமே ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். அச்சடித்து விற்கலாம், ஃபான்டைத் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் குறில் இகரத்தையும் பாருங்கள். பழைய ஃபான்டில் அதை மெய்க்கு முன்னால் அடித்திருப்பீர்கள், நம் பழைய தமிழ் ஃபான்ட் பாமினியில் கொம்பு போடுவது போல. யூனிகோடில் அது பின்னால் வரவேண்டும்.

தாராவி டிடிபி:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. 'ற' போட்டு ஒரு பக்கம் எடுத்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டு முதலில் இமைமுடியைத்தான் பார்த்தார். மீதி 46 பக்கத்தையும் இன்று ராத்திரி உட்கார்ந்து திருத்துகிறேன்.