பத்தாவது முடித்த பெண்ணின் ஆப்டிடியூட் ரிப்போர்ட்: எந்த குரூப் எடுப்பது?

வைகைக்கரை:
அக்கா மகள் தமிழ் வழியில் பத்தாவது முடித்திருக்கிறாள். ஒரு தனியார் மையத்தில் திறன் சோதனையும் ஆர்வச் சோதனையும் எடுத்தார்கள். திறன் சோதனை ஆங்கிலத்தில். மதிப்பெண் 1 முதல் 10 வரை ஸ்டென் அளவில்: இடம்சார் திறன் 8, இயந்திரத் திறன் 7, தர்க்கம் 7, எண் 6, எழுத்தர் திறன் 5, மொழி 4. ஆர்வம் 40-க்கு: ஆர் 31, ஐ 28, ஏ 26, சி 20, எஸ் 12, இ 9. கடைசிப் பக்கத்தில் ‘சாஃப்ட்வேர் இன்ஜினியர் 87% பொருத்தம்’ என்று இருக்கிறது. வீட்டில் அதை வைத்தே கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று முடிவு செய்யப் பார்க்கிறார்கள். எவ்வளவு தூரம் நம்பலாம்?

பனங்காடு:
அந்த 87%-ஐ முதலில் அடித்துவிடுங்கள். எதை எதோடு பெருக்கி அந்த எண் வந்தது என்று ரிப்போர்ட்டில் விளக்கம் இருக்காது. முன்பக்கத்து எண்களில்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்டென் அளவில் சராசரி 5.5, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 2. ஸ்டென் 8 என்றால் ஒப்பீட்டுக் குழுவில் (எந்தப் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு ஸ்டென் போட்டார்களோ அவர்களில்) 100 பேரில் ஏறத்தாழ 84 முதல் 93 பேரைத் தாண்டியிருக்கிறாள். ‘100-க்கு 80 மார்க்’ என்று பொருள் இல்லை. 5, 6 இரண்டும் நடுவாந்தரம். அடுத்தது அளவீட்டுப் பிழை. சோதனையின் நம்பகக் கெழு (மறுபடி எழுதினாலும் அதே முடிவு வரும் அளவு; 1 என்றால் பிழையே இல்லை) 0.8 என்று வைத்தால் ஒவ்வொரு ஸ்டெனிலும் ஏறக்குறைய 0.9 பிழை உண்டு. இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடும்போது அது 1.3 ஆகிறது. அதனால் 6-க்கும் 7-க்கும் வேறுபாடு இருப்பதாகவே எண்ண வேண்டாம். இரண்டு, மூன்று ஸ்டென் இடைவெளி இருந்தால் மட்டும் கவனியுங்கள். இவளுக்கு அது மிகத் தெளிவாகத் தெரிவது இடம்சார் திறனுக்கும் மொழிக்கும் இடையில்தான்.

அந்த மொழி 4-ஐயும் அப்படியே எடுக்கக் கூடாது. தமிழ் வழிப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல் ஒப்புமைக் கேள்வி கொடுத்தால் அளக்கப்படுவது ஆங்கிலப் பழக்கம். மொழித் திறன் அல்ல. அவள் தமிழில் எழுதும் கட்டுரையைப் படித்துப் பாருங்கள், தமிழ்ப் பாட மார்க்கையும் பாருங்கள். விரித்த அட்டையை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று கேட்கும் பகுதியில் மொழிக்கு வேலையே இல்லை. அதனால் அந்த 8-ஐ மற்றவற்றைவிட நம்பலாம்.

மையத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒப்பீட்டுக் குழு எந்த வகுப்பு, எந்த நாட்டுப் பிள்ளைகள்? பெயர், எண்களைச் சரிபார்க்கும் எழுத்தர் திறன் பகுதிக்குக் கடிகாரம் வைத்தார்களா? அது முழுக்க வேகச் சோதனை. ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தாலும் அந்த மதிப்பெண் செல்லாது.

நெய்தல்நிலம்:
ஆர்வப் பகுதிக்கு வருகிறேன். இது அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆர்வ வகை: செய்முறை (ஆர்), ஆய்வு (ஐ), கலை (ஏ), சமூகம் (எஸ்), முனைவு (இ), ஒழுங்கு (சி). உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆர்-ஐ-ஏ, அதாவது செய்முறை, ஆய்வு, கலை.

40-க்கு மதிப்பெண் என்பதால் அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் ஆர்வச் சோதனையோ அதைப் போன்றதோ ஆக இருக்கலாம். அதில் 60 வேலைகள், வகைக்குப் பத்து. ‘கொஞ்சமும் பிடிக்காது’ 0, ‘தெரியவில்லை’ 2, ‘மிகவும் பிடிக்கும்’ 4. அதனால் சி 20 என்பது பத்துக்கும் ‘தெரியவில்லை’ போட்டாலும் வரும். ஐந்துக்கு 4, ஐந்துக்கு 0 போட்டாலும் வரும். இரண்டும் ஒன்றா? விடைத்தாளை வாங்கி ‘தெரியவில்லை’ எத்தனை என்று எண்ணுங்கள். 15, 20-க்கு மேல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த வேலைகள் பரிச்சயமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். முதல் கேள்வியே சமையலறை அலமாரி செய்வது பற்றியது. தச்சுப்பட்டறையை எட்டிப் பார்க்காத பெண் அதற்கு என்ன பதில் சொல்வாள்?

ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதச் சொல்லுங்கள், இம்முறை ஒவ்வொரு வேலையையும் தமிழில் விளக்கிய பிறகு. ‘சம்பளம், படிப்புச் செலவு, அப்பா என்ன சொல்வார், எதையும் நினைக்காதே, செய்யப் பிடிக்குமா என்று மட்டும் பார்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் மூன்று எழுத்துகள் வரிசை மாறினால் பரவாயில்லை. புதிதாக ஓர் எழுத்து உள்ளே வந்தால் முதல் முடிவை ஓரமாக வையுங்கள். 15 வயதில் ஆர்வம் இன்னும் இறுகியிருக்காது.

வைகைக்கரை:
நன்றி. இரண்டு சந்தேகம். அதே மையம் விரல்ரேகை வைத்து மூளைத் திறன் சொல்வதாக ஒரு சோதனைக்கு அழைக்கிறது. அப்புறம், தாத்தா நீட் எழுத வைக்க வேண்டும் என்கிறார்.

வேப்பமரநிழல்:
விரல்ரேகைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கருவில் இருக்கும்போதே உருவாகிவிடும் ரேகைக்கும் படிப்புக்கும் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் கிடையாது.

குரூப் விஷயத்தில் ‘எது பொருத்தம்’ என்பதைவிட ‘எது எந்தக் கதவை மூடும்’ என்று கேளுங்கள். இடம்சார் திறன் 8, ஆர்-ஐ-ஏ இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கட்டடக்கலை, தொழிற்பொருள் வடிவமைப்பு, இயந்திரவியல், சிவில் பக்கம் விசாரிக்கலாம். பிளஸ் டூ முடித்து பி.ஆர்க். போகக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். நாட்டா என்னும் கட்டடக்கலை நுழைவுத் தேர்வோ ஜே.இ.இ. மெயினின் கட்டடக்கலைத் தாளோ எழுத வேண்டும். பொறியியலுக்கும் அதே பாடங்களோடு வேதியியல். தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.), தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) ஆகியவற்றின் வடிவமைப்புப் படிப்புகளுக்கு எந்த குரூப்பும் போதும். ஆக, கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கும் குரூப் எதுவானாலும் இந்தக் கதவுகள் திறந்தே இருக்கும். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் உயிரியல் இருக்காது; நீட் எழுத அதைப் பிறகு தனியாகப் படிக்க வேண்டியிருக்கும். கணிதம்-உயிரியல் எடுத்தால் இரண்டும் திறந்திருக்கும், ஆனால் பாடச்சுமை கூடும். சோதனையில் உயிரியல் பக்கம் எந்தச் சைகையும் இல்லை, அவளும் கேட்கவில்லை என்றால், தாத்தாவுக்காக மட்டும் அந்தச் சுமையை ஏற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

கைவேலை நிஜமாகவே பிடித்தால் பாலிடெக்னிக்கும் கண்ணியமான வழி. மூன்று வருட டிப்ளமோ முடித்துப் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம்.

பனங்காடு:
ஒன்று சேர்க்கிறேன். சேர்க்கைக்கு முன் இரண்டு இடத்தில் ஒவ்வொரு முழு நாள் உட்கார வையுங்கள்: ஒரு கட்டட வரைபட அலுவலகம், ஒரு லேத் பட்டறை. ‘இன்று அதிக நேரம் எடுத்த வேலை எது, அதில் சலிப்பூட்டியது எது’ என்று அங்கிருப்பவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். சலிப்பான பகுதியைப் பார்த்த பிறகும் போக விரும்புகிறாளா என்பதை எந்த வினாத்தாளும் அளப்பதில்லை.

வைகைக்கரை:
விடைத்தாளை வாங்கி எண்ணிப் பார்த்தேன். 60-இல் 23 ‘தெரியவில்லை’. ஒழுங்குப் பகுதியில் பத்துக்குப் பத்தும் அதுதான். மே கடைசியில் தமிழில் விளக்கி மறுபடி எழுதவைக்கிறோம். பட்டறைக்கு வரும் சனிக்கிழமை போகிறாள்.