நாய்க்கும் அந்தியேட்டி செய்யலாமோ?

வணக்கம், ஒரு விசயம் கேக்கோணும், சிரிக்காதேங்கோ. 13 வருசம் எங்களோட இருந்த நாய் போன கிழமை செத்துப்போச்சு, பின்வளவு மாமரத்துக்குக் கீழ தாட்டனாங்கள், இப்ப சின்னவள் அம்மம்மாக்குக் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில செய்த மாதிரி இதுக்கும் அந்தியேட்டி (செத்தவைக்கு 31ஆம் நாள் செய்யிற கிரியை) செய்யோணும் எண்டு ஒரே கரைச்சல். பக்கத்து வீட்டு வேதக்கார (கிறிஸ்தவ) அன்ரி வேற மிருகத்துக்கு மோட்சம் இல்லை எண்டிட்டா, பிள்ளை அழுது முடியேல்லை (அவவுக்கு ஏன் இந்த வேலை).

திருவாசகத்துச் சிவபுராணத்தில புல், புழு, மரம், பறவை, பாம்பு எண்டு எல்லாப் பிறப்பும் வருதுதானே, அப்ப உயிர் ஒண்டுதானே? திருவானைக்காக் கோயில் கதையில சிவனைக் கும்பிட்ட ஆனைக்கு முத்தி கிடைச்சது, அங்க கும்பிட்ட சிலந்தி மட்டும் கோச்செங்கட் சோழனாத் திரும்பிப் பிறந்ததாம். எங்கட நாய்க்கு எது?

சைவ சித்தாந்தம் படிச்ச ஆக்கள், ஐயர்மார் ஆரும் இருந்தா 8 வயசுப் பிள்ளைக்கு விளங்கிற மாதிரி சொல்லுங்கோ, 31ஆம் நாள் வர முதல் தெரிஞ்சா நல்லம்.