மாட்டுங்கா வீடு (குடும்பக் குழு)

அம்பி அத்தான்: அம்மா மாட்டுங்கா ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது முழங்கை உடைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்கிறார்கள்.

பெரியம்மா: ஐயோ. தலையில் அடி இல்லையே?

அம்பி அத்தான்: இல்லை மாமி. படியெல்லாம் மழை ஈரம், கையில் காய்கறிப் பை வேறு.

கல்யாண் சித்தப்பா: அக்காவுக்கு 64 வயது. கத்தி எதற்கு? மாவுக்கட்டு போட்டால் சேராதா? நம் கட்டு வைத்தியரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அப்பா: வேண்டாம்.

நான்: சித்தப்பா, எக்ஸ்ரேயைப் பார்த்தேன். மேஜையில் ஊன்றுகிறோமே, அந்த முழங்கை முனைதான் உடைந்து விலகியிருக்கிறது. கையை நீட்டுகிற பின்பக்கத் தசை அந்த முனையில்தான் வந்து ஒட்டுகிறது. அது இழுக்க இழுக்கத் துண்டு மேலே போகும். மாவுக்கட்டை நம்பி விட முடியாது. அதனால்தான் இரண்டு கம்பி செருகி, இன்னொரு கம்பியை எட்டு மாதிரி சுற்றி இறுக்குவார்கள். நொறுங்கியிருந்தால் பிளேட் வைப்பார்கள். முழங்கை சீக்கிரம் இறுகிப்போகிற மூட்டு. எலும்பை உறுதியாகப் பிடித்துவிட்டால் சில நாளிலேயே மடக்கி நீட்ட ஆரம்பிக்கலாம்.

சித்தி: அப்போ ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு?

நான்: அத்தான், இடது கை வளையலைக் கழற்றியாயிற்றா? வீக்கம் ஏறினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அம்பி அத்தான்: கழற்றி என் பையில் வைத்திருக்கிறேன்.

பெரியம்மா: அது பாட்டியின் வளையல். பத்திரம்.

அம்பி அத்தான்: மாமி, இப்போது அதுவா?

நான்: அத்தைக்குச் சுண்டுவிரல் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்த நரம்பு முழங்கையை ஒட்டித்தான் போகிறது.

அம்பி அத்தான்: லேசாக மதமதவென்று இருக்கிறதாம்.

நான்: உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

அம்பி அத்தான்: போகிறேன்.

நான்: இன்னொன்று. எண்ணெய் போட்டு யாரும் உருவிவிடக் கூடாது, ஆபரேஷனுக்குப் பிறகும்தான். முழங்கை முறிவில் உருவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து மடக்கவே முடியாமல் போகலாம்.

அப்பா: 38 வருஷமாக இந்தக் கையால் என் காதைத் தொட முடியவில்லை.

கல்யாண் சித்தப்பா: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

சித்தி: வளைகாப்புக்குச் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அக்கா இல்லாமல் முதல் வளையலை யார் போடுவது?

பெரியம்மா: தள்ளி வைக்கலாமே.

சித்தி: ஒன்பதாம் மாதம் அக்கா.

அம்பி அத்தான்: டாக்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார். கேஸ் பேப்பரில் எழுதிக்கொண்டார். மறுபடி ராத்திரி வந்து பார்ப்பாராம்.

நான்: சரி. விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

கல்யாண் சித்தப்பா: ராத்திரி அக்காவுக்குத் துணை நான் இருக்கிறேன்.

பெரியம்மா: பெண்கள் வார்டில் உன்னை விடுவார்களா?

அம்பி அத்தான்: கேட்டுச் சொல்கிறேன் மாமா.

கல்யாண் சித்தப்பா: ஸ்லோ டிரெயினில் ஏறிவிட்டேன்.