அப்பாவின் முட்டுவலிக்குக் குளுக்கோசமைன், கொலாஜன் பொடி வாங்கிக் கொடுக்கலாமா?

மலையோரம்:

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு விஷயம் கேட்கணும். அப்பாவுக்கு 54 வயது. குலசேகரத்துக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். கொஞ்ச நாளாக வலது முட்டில் வலி. ஏறும்போது பரவாயில்லை, பால் வாளியோடு சரிவில் இறங்கும்போதுதான் உயிர் போகிறது என்கிறார். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் போல விறைப்பாக இருக்கும், கொஞ்சம் நடந்தால் விட்டுவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாச்சு, தேய்மானம் ஆரம்பம், நீர் ஒன்றும் கட்டவில்லை என்றார்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சுகர் இல்லை. எடை 82 கிலோ, உயரம் குறைவு.

எங்கள் தெருவில் ஒரு அக்கா நேரடி விற்பனைக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருக்கிறார். குளுக்கோசமைன் காண்ட்ராய்டின் மாத்திரை, கொலாஜன் பொடி, மஞ்சள் கேப்சூல் என்று மூன்று டப்பா, மாதம் நாலாயிரத்துச் சொச்சம். மூன்று மாதம் சாப்பிட்டால் தேய்ந்த எலும்பு திரும்ப வளர்ந்துவிடும் என்கிறார். பாதிப் பணம் வாங்கிக்கொண்டு டப்பாவை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், இன்னும் உடைக்கவில்லை. மழை பிடித்தால் பாதி நாள் வெட்டே கிடையாது, அதில் மாதம் நாலாயிரம் எங்களுக்குப் பெரிய காசு. ஆனால் அப்பா நடப்பதைப் பார்த்தால் கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் போலத்தான் இருக்கிறது.

கூடவே எனக்கும் ஒரு கேள்வி. சாயங்காலம் ஃபுட்பால், மற்ற நாள் மார்த்தாண்டத்தில் ஜிம். மாஸ்டர், பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் பொடியும், தசை பலத்துக்கான கிரியாட்டினும் எடு என்கிறார், அம்மா கிட்னி போய்விடும் என்று அழுகிறார். எது சரி?

பிசியோ_தக்கலை:

தம்பி, முட்டில் கைவைத்துப் பார்க்காமல் எழுத்தில் சொல்வதற்கு ஒரு அளவுதான் உண்டு. ஆனாலும் இறங்கும்போது வலி, காலையில் கொஞ்ச நேர விறைப்பு, நடந்தால் தளர்வது என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் தேய்மான முட்டின் வழக்கம்தான். காலை விறைப்பு ஒரு மணி நேரம் நின்றாலோ, கைவிரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினாலோ, முட்டு சூடாகிச் சிவந்தாலோ, ராத்திரி தூக்கம் கெட வலித்தாலோ அது வேறு சங்கதி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

எலும்பு வளரும் என்று சொன்னது பொய். தேய்வது முதலில் எலும்பே அல்ல, எலும்பு முனையில் வழவழவென்று மூடியிருக்கும் குருத்தெலும்பு. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, அதனால்தான் ஒரு தடவை தேய்ந்தால் சுலபமாக ஆறுவதில்லை. தேய்ந்துபோனதை மறுபடி வளர்க்கும் என்று நிரூபணமான மாத்திரையோ பொடியோ இன்றைக்கு இல்லை.

குளுக்கோசமைனைப் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் முட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் பெரிய ஆய்வு நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். சிலருக்குத் தினம் 1,500 மி.கி. குளுக்கோசமைன், சிலருக்கு 1,200 மி.கி. காண்ட்ராய்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் போலி மாத்திரையைவிட இவை குறிப்பிடும்படி மேலாக இல்லை. 2019-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு, முட்டுத் தேய்மானத்துக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்லிவிட்டது. கொலாஜன் பொடியில் சில சின்ன ஆய்வுகள் வலி கொஞ்சம் குறைந்ததாகக் காட்டுகின்றன, ஆனால் அதில் பலவற்றுக்குக் காசு கொடுத்தது விற்கிற கம்பெனிகளே.

இனி அப்பாவின் வேலையைப் பாருங்கள். மரத்தில் வெட்டுகிற பட்டை கீழே இறங்க இறங்கக் குந்தியிருந்து வெட்டணும். 300 மரம் இருந்தால் அத்தனை முறை முட்டை முழுசாக மடக்கி எழும்புகிறார். அப்புறம் நிறைந்த வாளியோடு சரிவில் இறக்கம். இறங்கும்போது முட்டுச்சிரட்டைக்குப் பின்னால் விழுகிற அழுத்தம் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு. இந்தச் சுமையைத் தாங்க வேண்டியது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து அந்தக் காலை ஒதுக்க ஒதுக்க அந்தத் தசை வற்றிப்போகிறது, அப்புறம் முட்டு இன்னும் வலிக்கிறது. இன்று ராத்திரி அப்பாவின் இரண்டு தொடையையும் முட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி டேப்பால் சுற்றி அளந்து பாருங்கள், வலது மெலிந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அதைத்தான் முதலில் சரி செய்யணும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டுக்கு அடியில் ஒரு துவர்த்தை (துண்டை) சுருட்டி வைத்து, அதைக் கீழே நசுக்குகிற மாதிரி தொடையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடணும், பத்து முறை. அது வலியில்லாமல் வந்ததும் உயரமான நாற்காலியில் கையூன்றாமல் மெதுவாக எழும்பி, அதைவிட மெதுவாக உட்காரணும். தினம் இரண்டு வேளை, குறைந்தது இரண்டு மாதம். எடையையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் மேல் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

திங்கள்சந்தை_அக்கா:

பிசியோ சார் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் எங்கள் அம்மாவுக்குக் குளுக்கோசமைன் கேட்டது. கோயில் படி ஏறவே மாட்டார், இப்போது கையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது அல்லவா? அப்பா கஷ்டப்படுகிறார் என்றால் ஒரு டப்பா கொடுத்துப் பார்ப்பதில் என்ன தப்பு?

பிசியோ_தக்கலை:

அக்கா, அம்மாவுக்குச் சுகம் கிடைத்தது நிஜம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 2006 ஆய்வில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு 60 பேருக்கு வலி நன்றாகவே குறைந்தது. குளுக்கோசமைன் எடுத்தவர்களில் 64 பேர். தேய்மான வலி தானே ஏறி இறங்குகிற வலி, நாம் மாத்திரை தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான், அதனால் அடுத்து அது இறங்கும்போது பேர் மாத்திரைக்குப் போய்விடுகிறது. அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால், காசும் இருந்தால், டாக்டருக்குத் தெரிந்து தொடரட்டும். கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் கடன் வாங்கி ஆரம்பிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மருந்துக்கடை_கோட்டாறு:

நான் கடை கவுண்டரில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். அக்கா, அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? இதய வால்வு மாற்றியவர்கள் அதைச் சாப்பிடுவார்கள். அதோடு குளுக்கோசமைன் சேர்ந்தால் ரத்தம் தேவைக்கு மேல் இளகி ரத்தக்கசிவு வரை போகலாம். மஞ்சள் கேப்சூலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறவர்களும் குளுக்கோசமைனைத் தவிர்ப்பது நல்லது.

மஞ்சள் தானே, என்ன செய்துவிடும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். மீன்கறிக்குப் போடுகிற மஞ்சள்பொடியில் குர்குமின் என்கிற சத்து நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான். கேப்சூலில் அதைப் பிரித்தெடுத்து அடர்த்தியாக்கி, உடம்பில் நன்றாக ஏற மிளகின் சத்தையும் சேர்க்கிறார்கள். முட்டுவலியைக் கொஞ்சம் குறைக்கும் என்று சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அந்த மாதிரி கேப்சூலால் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரை போனவர்கள் உண்டு, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சாப்பிடுகிற ஆளுக்கு மூத்திரம் கடும் மஞ்சளாகப் போனாலோ, சாப்பாடு வெறுத்தாலோ உடனே நிறுத்தணும்.

தம்பி, அப்பா வலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள். பிரஷர் மாத்திரையோடு அது தினமும் சேர்ந்தால் பிரஷர் ஏறும், கிட்னிக்கும் கெடுதல். கிட்னிக்குப் பயப்படணும் என்றால் அம்மா பயப்பட வேண்டியது அதற்குத்தான். வலிக்கு மேலே பூசுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், முட்டுக்கு அது நன்றாகவே கேட்கும், ரத்தத்தில் கலப்பதும் குறைவு.

இன்னொன்று, வைட்டமின் டி. ரத்தத்தில் குறைவாக இருந்தால் டாக்டர் எழுதித் தருவார், குறைவு இல்லாதவருக்கு அதனால் முட்டு வலி குறையாது. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று எழுதியிருப்பார்கள், சிலர் சத்துதானே என்று தினமும் பாலில் கலக்கிக் குடித்துவிடுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மயக்கம் என்று ஆஸ்பத்திரிக்கே போக வேண்டி வரும்.

தூத்தூர்_பந்து:

தம்பியின் ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எங்கள் கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன், எல்லாரும் கேட்பது இதைத்தான்.

கிரியாட்டின் நல்ல சாமான். தினம் 3 முதல் 5 கிராம் கிரியாட்டின் மோனோஹைட்ரேட் போதும், முதல் வாரம் வாரி அடைக்க வேண்டியதில்லை. ஜிம்மில் தூக்கவும் மைதானத்தில் திரும்பத் திரும்ப வேகமாக ஓடவும் உதவும். தசைக்குள் தண்ணீர் சேர்வதால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும், பயப்படாதே. கிட்னி நல்லா இருக்கிற ஆளுக்கு இந்த அளவில் கெடுதல் என்று எந்த ஆய்விலும் தெரியவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ‘கிரியாட்டினின்’ என்கிற, கிட்னி வேலையை அறியப் பார்க்கிற கழிவின் அளவு கொஞ்சம் கூடிக் காட்டலாம், அதைப் பார்த்து வீட்டில் அலறுவார்கள். டாக்டரிடம் நான் இதைச் சாப்பிடுகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடு. ஏற்கெனவே கிட்னியில் கோளாறு இருந்தால் தொடவே கூடாது.

வே பொடி தப்பில்லை, ஆனால் அது சாப்பாடு, மருந்து இல்லை. ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம் என்பார்கள், நாலு முட்டையில் அதே அளவு வந்துவிடும். உடற்பயிற்சி செய்கிறவனுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் புரதம் போதும், அதற்கு மேல் போனாலும் தசை கூடுவதில்லை. மரச்சீனிக் கிழங்கு வயிறு நிறைய, சாளை ரெண்டே ரெண்டு என்று சாப்பிடுகிற நம்ம ஊர் கணக்கைத் திருப்பிப் போடு, கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டு. சாளையில் புரதமும் இருக்கிறது, காசு கொடுத்து கேப்சூலில் வாங்குகிற ஒமேகா-3-யும் இருக்கிறது. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முட்டையும் சிறுபயறும் போதும். அப்பாவுக்கும் இதுவேதான், யூரிக் ஆசிட் கூடுதல் இருந்தால் மட்டும் சாளையைக் குறைக்கணும்.

பொடி வாங்கியே ஆகணும் என்றால் பில்லோடு வாங்கு, டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா பார். இந்தியாவில் விற்கிற 36 புரதப் பொடிகளைக் கேரளத்து மருத்துவர்கள் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள், பத்தில் ஏழு டப்பாவில் எழுதியிருந்த புரத அளவு தவறு. சிலதில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. மாநில அளவில் ஆடப் போகிற பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும், கலப்படப் பொடியால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மலையோரம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன், வலது தொடை நிஜமாகவே மெலிந்திருக்கிறது, அப்பாவே ஆச்சரியப்பட்டுப் போனார். வலி மாத்திரையும் சட்டைப்பையில் இருந்தது. ஜெல் பற்றி வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்கப் போகிறோம். இன்னும் ரெண்டு கேள்வி. ஒரு ஆசான் எண்ணெய் போட்டு வர்மம் பார்க்கலாம் என்கிறார், போகலாமா? வேலையை நிறுத்த முடியாது, அதற்கு என்ன செய்ய?

பிசியோ_தக்கலை:

எண்ணெய் போட்டுத் தடவினால் இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச நேரம் அடங்கும், போகட்டும். வீங்கியிருக்கும்போது அழுத்தித் திருக விடாதீர்கள். உள்ளுக்குச் சாப்பிடப் பெயரில்லாத பொடி கொடுத்தால் வாங்காதீர்கள், சிலர் அதில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள். ரெண்டு நாளில் வலி பறந்துவிடும், பின்னால் சுகரும் பிரஷரும் ஏறும். சித்தம், ஆயுர்வேதம் பார்க்கணும் என்றால் கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது, படித்தவர்களிடம் காட்டுங்கள்.

வேலைக்கு: கீழ்ப்பட்டை மரங்களில் குந்தாமல் உட்கார்ந்து வெட்ட, ஒரு சாண் உயரத்தில் சின்ன மரப்பலகை ஒன்றைக் கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டுப் போகலாம். வாளியை நிறைக்காமல் பாதியாக ரெண்டு கையிலும் பிரித்துத் தூக்கணும், நடை கூடினாலும் பரவாயில்லை. நேர் இறக்கத்தில் இறங்காமல் சரிவில் குறுக்கே வளைந்து வளைந்து இறங்கச் சொல்லுங்கள். மேல்ப்பட்டை வெட்டுகிற பிளாக் கிடைக்குமா என்று கங்காணியிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மருந்துக்கடை_கோட்டாறு:

அந்த டப்பாக்களை உடைக்காமல் அப்படியே வையுங்கள். நேரடி விற்பனைக்கு 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன, வாங்கினவர் சரக்கைத் திருப்பிக் கொடுக்கவும் பணம் திரும்பப் பெறவும் கம்பெனி வழி வைத்திருக்கணும். டப்பாவிலேயே மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும், எலும்பு வளரும் என்று சொன்ன அக்காவிடம் அந்த வரியைக் காட்டி முதலில் பக்குவமாகக் கேளுங்கள், அவரும் ஊர்க்காரர்தானே, அவரிடமும் யாரோ அப்படிச் சொல்லித்தான் சேர்த்திருப்பார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். பில்லும், பணம் கொடுத்ததற்கு ஏதாவது ரசீதோ செய்தியோ இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும்.