அக்கில் முதல் வெஸ்ட்போர்ட் வரை: கார் வராத பாதையில் சந்தித்தவர்கள்

டப்ளினிலிருந்து

அயர்லாந்தின் சைக்கிள் பாதைகளில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன பேசினீர்கள் என்ற கேள்வியைப் பார்த்ததும் எனக்கு மேயோ மாவட்டம்தான் ஞாபகம் வந்தது. அங்கே இருக்கும் கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே (கிரீன்வே என்றால் கார் வராத, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான பாதை), வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட், மல்ரானி வழியாக அக்கில் தீவின் வாசல் வரை 42 கிலோமீட்டர் போகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். 1937-இல் ரயிலை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்த தடத்தில் 2010-இல் முதல் துண்டையும், அடுத்த ஆண்டு மீதியையும் சைக்கிளுக்காகத் திறந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: அக்கிலிலிருந்து வெஸ்ட்போர்ட் நோக்கி ஓட்டுங்கள். அங்கே காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமிருந்துதான் அடிக்கும், முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். சைக்கிளை வாடகைக்குக் கொடுப்பவர்களே நம்மையும் சைக்கிளையும் வேனில் ஏற்றி அக்கிலில் இறக்கிவிடுவார்கள்.

நானும் கணவரும் அப்படித்தான் போய் இறங்கினோம். ஓட்டத் தொடங்குவதற்கு முன் டீ குடிக்க ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஆரம்பித்தவர், ரயில் தடத்தில் ஓட்டப்போகிறோம் என்றதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் முதல் ரயிலைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள்" என்றார்.

அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் அக்கிலில் பிழைப்பு கிடையாது. கோடை வந்தால் இளம்பிள்ளைகள் கூட்டமாக ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடைக்குக் கிளம்பிவிடுவார்கள். 1894 ஜூன் மாதம் அப்படிக் கிளம்பியவர்களை ஏற்றிய பாய்மரப் படகு, வெஸ்ட்போர்ட் துறைமுகத்துக்குக் கிட்டத்தில் கவிழ்ந்தது. தங்களை ஏற்றிப்போகக் காத்திருந்த கப்பலைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கமாக எழுந்து ஓடியதுதான் காரணம். 32 பேர் இறந்தார்கள். அக்கில் வரை ரயில் பாதை முறைப்படி திறக்காத நேரம் அது. அந்த உடல்களைக் கொண்டுவரத்தான் அந்தத் தடத்தில் முதல் ரயில் வந்தது.

1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லாக் ஊரில், உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போன அக்கில் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்த கொட்டகை தீப்பிடித்தது. பத்துப் பேர் போய்விட்டார்கள், அதில் மிகச் சின்னவனுக்கு 13 வயது. அவர்களும் ரயிலில்தான் ஊர் திரும்பினார்கள். அந்த மாதத்தோடு ரயிலும் நின்றது. இரும்புச் சக்கர வண்டி புகைவிட்டபடி வரும், அதன் முதல் ஓட்டமும் கடைசி ஓட்டமும் பிணம் சுமக்கும் என்று பிரையன் ருவா என்பவர் முன்பே சொல்லிவைத்தார் என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த அம்மா இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவும் இல்லை, ஏற்றவும் இல்லை. சொந்த வீட்டுச் சாவைச் சொல்வதுபோலச் சொன்னார். கில்டாவ்னெட் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு கூட்டத்துக்கும் நினைவுக்கல் இருக்கிறது, அதைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றார். பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். பாதையிலிருந்து விலகி, தீவின் தெற்குக் கரையோரமாகக் கொஞ்சம் ஓட்ட வேண்டும். அந்தச் சாலையில் கார் வரும், ஆனால் கட்டாயம் போக வேண்டிய இடம்.

அப்புறம் மல்ரானி வரை 13 கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பழுப்பு நிறச் சதுப்பு. அந்தச் சதுப்பு மண்ணைச் செங்கல் அளவில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள், டர்ஃப் என்று பெயர். காய்ந்த டர்ஃப் அங்கங்கே குவித்திருந்தது. ஆடுகளின் முதுகில் நீலமும் சிவப்புமாகச் சாயம், யாருடைய ஆடு என்று தெரிவதற்காக. கார் சத்தமே இல்லாததால் ஆடு புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே பேசினோம். டப்ளின் சாலையில் அது நடக்காத காரியம், அங்கே ஒருவர் பின்னால் ஒருவர், கண் முழுக்க பஸ் மேல்தான்.

மல்ரானி தாண்டிய பிறகு ஒரு இரும்புக் கதவு. பாதையில் இப்படி நிறையக் கதவுகள் உண்டு, திறந்து போனால் மூடிவிட்டுப் போக வேண்டும். அந்தப் பக்கம் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு விவசாயி, நாயோடு நின்றிருந்தார். கதவை மூடித் தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று என் கணவர் ஆட்டிப் பார்த்தார். அதைக் கவனித்துவிட்டு அந்த விவசாயி தானாகவே பேச வந்தார். நாங்கள் நின்ற இடம் அவருடைய நிலம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ரயில் நின்றுபோனதும் தடத்து நிலம் பக்கத்து விவசாயிகள் கைக்குப் போய்விட்டது. கிரீன்வே போடும்போது அரசு அதைக் கட்டாயப்படுத்திக் கையகப்படுத்தவில்லை. ஒவ்வொரு விவசாயியிடமும் போய்ப் பேசி, அவர்கள் சம்மதத்தோடு வழி வாங்கியிருக்கிறார்கள். நிலம் இன்றும் அவர்களுடையது, நாம் போவது அவர்கள் விட்ட வழியில். ஆரம்பத்தில் தயக்கமாக இருந்ததா என்று கேட்டேன். "மாடு வெளியே போய்விடுமே என்ற கவலைதான். இப்போது தினமும் யாராவது பேச வருகிறார்கள், குளிர்காலத்தில்தான் போரடிக்கிறது" என்றார். அதனால் போகிறவர்கள் தயவுசெய்து கதவை மூடுங்கள், நாயை அவிழ்த்துவிடாதீர்கள், குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள். ஒருவர் மனம் மாறினால் அந்த இடத்தில் பாதை அறுந்துவிடும்.

அதற்கு மேல் க்ளூ விரிகுடாவும் அதன் குட்டித் தீவுகளும், எதிரே 764 மீட்டர் உயர க்ரோ பேட்ரிக் மலையும் கூடவே வரும். நியூபோர்ட்டில் ஏழு வளைவு கொண்ட பழைய ரயில் பாலத்தின் மேலேயே நடக்கலாம். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

கார்க்கிலிருந்து

அக்கா, அந்த ரயில் கதை தெரியாமல் போனேனே என்று இருக்கிறது. நான் எழுத வந்தது வாட்டர்ஃபோர்ட் கிரீன்வே. வாட்டர்ஃபோர்டிலிருந்து டங்கார்வன் வரை 46 கிலோமீட்டர், 2017-இல் திறந்தது. இதுவும் ரயில் தடம்தான். பயணிகள் ரயில் 1967-இல் நின்றாலும், பாலினாகோர்ட்டி ஆலைக்கான சரக்கு ரயில் 1982 வரை ஓடியிருக்கிறது.

பாலிவாய்ல் குகைப்பாதைக்குள் ஏறக்குறைய 400 மீட்டர் ஓட்ட வேண்டும். உள்ளே விளக்கு உண்டு, இருந்தாலும் சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மேலிருந்து தண்ணீர் சொட்டும், வாசலில் இரண்டு பக்கமும் பாறை முழுக்கப் பெரணிச் செடி. அங்கே பேரனோடு நின்றிருந்த ஒரு பெரியவர், தன் அப்பா அந்தச் சரக்கு ரயிலில் வேலை பார்த்தவர் என்றார். சின்ன வயதில் ரயில் வராத நேரம் பார்த்து நண்பர்களோடு குகைக்குள் ஓடுவார்களாம். ரயில் நின்றதும் ஊரில் எத்தனை பேருக்கு வேலை போனது என்பதைப் பெயர் பெயராகச் சொன்னார். பேரன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், அவர் நிறுத்தவில்லை. குகையைத் தாண்டியதும் வரும் பாலத்தை 1922 உள்நாட்டுப் போரில் வெடிவைத்துத் தகர்த்து, 1924-இல் திரும்பக் கட்டினார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். டங்கார்வன் பக்கம் இறங்கும்போது கடல் திடீரென்று திறக்கும், பிரேக்கில் கை வைத்திருங்கள். வாட்டர்ஃபோர்டில் மாவு தூவிய 'ப்ளா' ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், வழியில் பசி தாங்கும்.

கால்வேயிலிருந்து

ஒரு கேள்வி. மகளுக்கு எட்டு வயது, சாலையில் ஓட்ட அனுப்பப் பயமாக இருக்கிறது. மேயோ பாதையின் 42 கிலோமீட்டரும் தாங்குவாளா?

டப்ளினிலிருந்து

முழுதும் வேண்டாம் தம்பி. மல்ரானியிலிருந்து நியூபோர்ட் 18 கிலோமீட்டர், நடுநடுவே நின்று போனால் பிள்ளைகள் ஓட்டிவிடுவார்கள். அதுவும் அதிகம் என்று தோன்றினால் அக்கில் – மல்ரானி 13 கிலோமீட்டர் போதும், கடல் அருகிலேயே வரும். சில இடங்களில் பாதை தார்ச்சாலையைக் கடக்கிறது, அங்கே மட்டும் இறங்கித் தள்ளச் சொல்லுங்கள். ஜூலையாக இருந்தாலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து மூடும் வேலையை அவளிடமே விட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வாள்.