நூலகத்தில் கேட்ட வரலாறு: நீங்கள் போன நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதுங்கள்

நாஷ்வில்லிலிருந்து:

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலருக்குப் பொது நூலகம் என்றால் குழந்தைகளுக்கான கதை நேரம், கோடை விடுமுறை வாசிப்புப் போட்டி, அதோடு சரி. அதே கட்டடத்தில் பெரியவர்களுக்காக நடக்கும் வரலாற்று நிகழ்ச்சிகளில் நம் முகங்களைப் பார்ப்பது அரிது. கறுப்பின மக்களின் சிவில் உரிமை இயக்கம் பற்றி நூலகத்தில் நடக்கும் பேச்சு, கலந்துரையாடல், கண்காட்சி என எதற்காவது போயிருந்தால் இங்கே எழுதுங்களேன். முதலில் நான் சொல்கிறேன்.

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகர மையத்தில், சர்ச் தெருவில் இருக்கிறது பெரிய நூலகம். அதன் மாடியில் இந்த இயக்கத்துக்கென்றே ஓர் அறை உண்டு. உள்ளே நுழைந்தால் வளைவான ஒரு லஞ்ச் கவுண்டர், அதை ஒட்டி ஸ்டூல்கள். 1960இல் இந்த ஊர்க் கடைகளில் கறுப்பின மக்கள் துணி எடுக்கலாம், நோட்டுப் புத்தகம் வாங்கலாம், அவர்கள் தரும் காசு செல்லும். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் கவுண்டரில் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச் சாப்பிட முடியாது. அதை நினைவூட்டத்தான் இந்த அமைப்பு. கவுண்டரின் மேல் பத்து விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு உள்ளிருப்புப் போராட்டத்துக்குப் போன மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிகள் அவை.

நிகழ்ச்சியை நடத்திய நூலகர் பேச்சு எதுவும் பேசவில்லை. எல்லாரையும் அந்த ஸ்டூல்களில் உட்காரச் சொன்னார். அப்புறம் ஆளுக்கு ஒரு விதியாக வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். அடித்தாலோ திட்டினாலோ திருப்பிச் செய்யாதே. சத்தமாகச் சிரிக்காதே. கடை வாசலையும் நடைவழியையும் மறிக்காதே. தலைவர் அனுமதி தரும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காதே. கடைசி விதியில் இயேசு, மகாத்மா காந்தி, மார்ட்டின் லூதர் கிங் மூவரின் பெயரும் வருகிறது.

என் பக்கத்தில் ஒரு கறுப்பின அம்மா உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரைப் பார்த்தே இரு என்ற விதி அவருக்கு வந்தது. வாசித்து முடித்துவிட்டு, விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "கவுண்டரைப் பார்த்து உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சிகரெட்டோடு நிற்கிறானா, கெட்சப் பாட்டிலோடு நிற்கிறானா, தெரியாது. தெரியாமலேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்." அவருடைய அண்ணன் அந்தப் போராட்டத்துக்குப் போனாராம். இவர் அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி.

அதைக் கேட்ட பிறகுதான் அந்த விதிகளின் அர்த்தமே எனக்குப் புரிந்தது. ஏதோ ஒரு நாள் கோபம் வந்து, துணிச்சலாகப் போய் உட்கார்ந்துவிட்ட கதை இல்லை இது. பல மாதப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். பிறகு மெதடிஸ்ட் சபை சார்பில் நாக்பூர் வந்து ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தார், காந்தியின் வழியைக் கற்றார். அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பு நடத்துகிற செய்தியை நாக்பூர்ப் பத்திரிகையில்தான் படித்திருக்கிறார். 1956இல் அமெரிக்கா திரும்பியவரை, தெற்குக்கு வாருங்கள், இப்போதே வாருங்கள் என்று கிங் அழைத்தார். நாஷ்வில்லில் தேவாலய அறைகளில் மாணவர்களை உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். பாதிப் பேர் வெள்ளையர்போல நடித்துத் திட்ட வேண்டும், தள்ள வேண்டும். மீதிப் பேர் அசையாமல் இருக்கப் பழக வேண்டும். இயக்கத்தின் மாணவத் தலைவர்களான ஜான் லூயிஸ், டயான் நாஷ் எல்லாரும் இந்த வகுப்புகளில் உருவானவர்கள்.

1960 பிப்ரவரி 13 அன்று 124 மாணவர்கள் மூன்று கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27 அன்று அடி விழுந்தது. கைதானவர்கள் அடித்தவர்கள் அல்ல, அடி வாங்கிய மாணவர்கள். அந்த ஒரே நாளில் 81 பேர். அபராதம் கட்டமாட்டோம் என்று சிறைக்கே போனார்கள். ஈஸ்டர் நெருங்கும்போது கறுப்பினக் குடும்பங்கள் நகர மையக் கடைகளில் எதையும் வாங்குவதை நிறுத்திவிட்டன. நம் ஊரில் தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடை வெறிச்சோடிக் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஏப்ரல் 19 அன்று மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றைக்கே ஆயிரக்கணக்கானோர் வாய்திறக்காமல் நகர மன்றம்வரை நடந்தார்கள். அங்கே படியில் வைத்து டயான் நாஷ், நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது தவறு இல்லையா என்று மேயர் பென் வெஸ்ட்டிடம் நேருக்கு நேர் கேட்டார். ஆமாம், தவறு என்று மேயர் ஒப்புக்கொண்டார். மே 10 அன்று கவுண்டர்கள் திறந்தன.

கடைசியில் நூலகர் எங்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: யாரோ உட்கார முடியாத ஓர் இடத்தை உங்கள் வாழ்க்கையில் பார்த்திருக்கிறீர்களா? என் முறை வந்தபோது எங்கள் ஊர் டீக்கடையைச் சொன்னேன். எங்களுக்கு பெஞ்சும் கண்ணாடி கிளாசும். சேரியிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிக் குவளை, அதுவும் நின்றுகொண்டு குடிக்க வேண்டும், குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். சின்ன வயதில் தினமும் பார்த்த காட்சி. பக்கத்தில் இருந்த அம்மா, "காசு மட்டும் வாங்கிக்கொள்வார்களா?" என்று கேட்டார். வாங்கிக்கொள்வார்கள் என்றேன். "இங்கேயும் அப்படித்தான்" என்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர்தான் இங்கே குடியேறலாம் என்று இருந்தது. நாடு பார்த்து ஒதுக்கீடு செய்யும் அந்த முறையை 1965 குடியேற்றச் சட்டம்தான் ஒழித்தது. சிவில் உரிமைச் சட்டம் 1964, வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட், குடியேற்றச் சட்டம் அதே வருஷம் அக்டோபர். இவை அடுத்தடுத்து வந்தது தற்செயல் அல்ல. அந்த ஸ்டூல்களில் அடி வாங்கிய பிள்ளைகள் போட்ட பாதையில்தான் நாமும் வந்திருக்கிறோம். "படிப்பால் வந்தோம், உழைப்பால் வந்தோம்" என்று மட்டும் நம் வீட்டு விருந்துகளில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

வடக்கு வர்ஜீனியாவிலிருந்து:

அக்கா, படித்ததும் எழுதத் தோன்றியது. நீங்கள் சொன்னதற்கு 21 வருஷம் முன்பே எங்கள் பக்கத்தில் ஒரு நூலகத்துக்குள்ளேயே இது நடந்திருக்கிறது.

அலெக்சாண்ட்ரியா நகரில் குயீன் தெருவில் பழைய பொது நூலகம் ஒன்று இருக்கிறது. இப்போது அது கிளை நூலகம். அங்கே நடந்த ஒரு பேச்சுக்கு நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். சாமுவேல் டக்கர் என்ற இளம் வழக்கறிஞர் அந்த நூலகத்துக்கு மிக அருகிலேயே வளர்ந்தவர். சட்டக் கல்லூரிக்கே போகாமல் சொந்தமாகப் படித்துத் தேர்வு எழுதியவர். 1937இல் நூலகம் திறந்தது. கறுப்பினத்தவரின் வரிப்பணமும் சேர்ந்துதான் அதை நடத்தியது, ஆனால் உறுப்பினர் கார்டு வெள்ளையருக்கு மட்டும். 1939இல் டக்கர், ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜென்ட் ஒருவரை அழைத்துப் போய் கார்டு கேட்டார். மறுத்துவிட்டார்கள். வழக்குப் போட்டார்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஆகஸ்ட் 21 அன்று ஐந்து இளைஞர்கள் நன்றாக உடுத்திக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். முதல் ஆள் கார்டு கேட்டார், இல்லை என்றார்கள். மரியாதையாகத் தலையசைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அடுத்த ஆள் வந்தார், அதேபோல் வேறு மேசை. ஐந்து பேரும் ஐந்து மேசையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல். பேசினால் அமைதியைக் குலைத்தார்கள் என்று வழக்குப் போடலாம் அல்லவா, அதற்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது டக்கரின் கணக்கு. பதினாலு வயசுப் பையன் ஒருவன் வேவு பார்க்க நின்று, உள்ளே நடப்பதை அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். போலீஸ் வந்தது. கூடவே டக்கர் சொல்லி வைத்திருந்த பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். கோட்டும் தொப்பியுமாக அந்த இளைஞர்கள் போலீசோடு வெளியே வரும் புகைப்படம் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். முகத்தில் பதற்றம் துளியும் இல்லை.

ஒழுங்கீனமாக நடந்தார்கள் என்று வழக்கு. சத்தமில்லாமல் புத்தகம் படித்ததில் என்ன ஒழுங்கீனம்? நீதிபதி தீர்ப்புச் சொல்லாமலேயே விட்டுவிட்டார். நகர நிர்வாகம் அவசர அவசரமாகக் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டி 1940இல் திறந்தது. அதற்கான கார்டை டக்கருக்குக் கொடுக்க முன்வந்தபோது, குயீன் தெரு நூலகத்துக்குப் பதிலாக இதை என்றைக்கும் ஏற்கமாட்டேன் என்று கடிதம் எழுதினார். அந்தச் சின்ன நூலகம்தான் இன்றைக்கு அலெக்சாண்ட்ரியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகம். பேச்சு முடிந்து அங்கேயும் நடந்தே போய்ப் பார்த்தோம்.

கேட்கக் கேட்க ஆறவில்லை எனக்கு. அந்த ஐந்து பேர் மேல் இருந்த வழக்கு 80 வருஷம் அப்படியே கிடந்திருக்கிறது. 2019இல்தான் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதற்காகப் பழைய ஆவணங்களைத் தேடிப் பிடித்தவர்கள் அந்த நூலக ஊழியர்களே. ஒரு நிறுவனம் தன் பழைய தவறைத் தானே தோண்டி எடுத்து, தன் கட்டடத்திலேயே ஊரைக் கூட்டிச் சொல்வது சின்ன விஷயம் இல்லை.

டக்கர் அதோடு நிற்கவில்லை. 1968இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை வேரோடு நீக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நியூ கென்ட் வழக்கை வாதாடியவர் அவரே.

எங்கள் மாநிலத்திலேயே டான்வில் என்ற ஊரும் உண்டு. எல்லாரையும் உள்ளே விடு என்று 1960இல் நீதிமன்றம் சொன்னதும் நூலகத்தையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தபோது நாற்காலி, மேசையை எல்லாம் அகற்றிவிட்டார்கள். வரலாம், ஆனால் யாரும் யார் பக்கத்திலும் உட்கார முடியாது.

தெற்குக் கரோலினாவிலிருந்து:

இருவருக்கும் நன்றி. சேலஞ்சர் விண்கல விபத்தில் 1986இல் இறந்த ரொனால்ட் மெக்நேர் எங்கள் மாநிலத்துக்காரர், லேக் சிட்டி. 1959இல் அவருக்கு ஒன்பது வயது. ஊர் நூலகத்தில் அறிவியல் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறான் பையன். உனக்குத் தர முடியாது, போய்விடு, இல்லையென்றால் போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறார் நூலகர். காத்திருக்கிறேன் என்று கவுண்டர் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டானாம். போலீஸ் வந்தது, அம்மாவும் வந்தார். கடைசியில் புத்தகங்களோடுதான் வீட்டுக்குப் போனான். பிற்பாடு எம்ஐடியில் இயற்பியலில் முனைவர் பட்டம், அப்புறம் விண்வெளி. அந்தப் பழைய நூலகக் கட்டடம் இப்போது அவர் பெயரிலேயே நினைவு மையமாக இருக்கிறது.

எங்கள் கிளை நூலகத்தில் பிப்ரவரி மாதம் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னார்கள். என் மகன் வீட்டுக்கு வந்து கேட்டது: "அந்த நூலகர் அப்புறம் ஸாரி சொன்னாங்களா அப்பா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் அவனையே கூட்டிக்கொண்டு போய்க் குழந்தைகள் பிரிவில் கேட்க வைத்தேன். அங்கிருந்த நூலகர் அவனுக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்து, அவன் கேட்டதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தேடிப் பார்க்கிறேன் என்றார்.

மாசசூசெட்ஸிலிருந்து:

அக்கா டீக்கடையைச் சொன்னதால் இதைப் போடுகிறேன். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் தீண்டப்படாதோரின் நிலையும் அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் நிலையும் அவ்வளவு ஒத்திருக்கின்றன என்று எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டு பாய்ஸும் பதில் போட்டார். டு பாய்ஸின் காகிதங்கள் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நூலகத்துக்கே அவர் பெயர்தான். கடிதத்தை இணையத்திலேயே பார்க்கலாம். எங்கள் ஊர் நூலகத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதங்களை வைத்து ஒரு மாலை வாசிப்பு நடத்தலாமா என்று கேட்டோம். அறை இலவசம், தேதியை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். ஏற்பாடு நடக்கிறது.

நாஷ்வில்லிலிருந்து:

டக்கர் கதை எனக்குப் புதுசு தம்பி, அடுத்த முறை அந்தப் பக்கம் வந்தால் இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். தனிச்செய்தியில் சிலர் கேட்டதற்கு இங்கேயே பதில்: எங்கள் நூலகத்து அறைக்குக் கட்டணம் கிடையாது. உறுப்பினர் கார்டு இல்லாவிட்டாலும் போகலாம். குழுவாகப் போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உட்கார்ந்து பேச ஆள் ஏற்பாடு செய்வார்கள். உள்ளிருப்புப் போராட்டத்தில் இருந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகளையும் அங்கே சேகரித்து வைத்திருக்கிறார்கள், கேட்டு வாங்கிக் கேளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

மாசசூசெட்ஸ் நண்பரே, வாசிப்புக்கு எந்தத் தேதி?