புதுப்பிப்பு: சவுண்டுகளை வரிசைப்படுத்தியதும் காம்பினேஷன்கள் மாறிப்போனது – தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதிதாக வருபவர்களுக்கு: என் சின்தசைசர் கீபோர்டின் யூசர் பேங்கில் (நாமே சவுண்டுகளைச் சேமிக்கும் இடம்) சிதறிக் கிடந்த சவுண்டுகளை பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேட் என்று வரிசையாக மாற்றி வைத்தேன். உடனே, முன்பே செய்து வைத்திருந்த காம்பினேஷன்களில் (பல சவுண்டுகளைச் சேர்த்து வாசிக்கும் அமைப்பு) ஸ்ட்ரிங்ஸ் வரவேண்டிய இடத்தில் ஆர்கன் கேட்டது.

காரணத்தைச் சரியாகச் சொன்னது இரண்டாவது பதில். காம்பினேஷனுக்குள் சவுண்டின் நகல் இருக்காது. பேங்க் எண்ணும் ஸ்லாட் எண்ணும் (பேங்குக்குள் அந்த சவுண்டின் இடம்) மட்டும்தான். அந்த ஸ்லாட்டில் எது இருக்கிறதோ அதுதான் ஒலிக்கும்.

நல்லவேளை, எல்லாவற்றையும் முன்பே ஒரே ஃபைலாக யூஎஸ்பியில் சேவ் செய்திருந்தேன். அதை லோட் செய்ததும் பழைய நிலை திரும்பியது. பிறகு இரண்டாவது பதில் போட்டவர் சொன்னபடியே, எதையும் நகர்த்தாமல், காலி பேங்கில் காப்பி போட்டு அங்கே வரிசைப்படுத்தினேன். ஒவ்வொரு காம்பினேஷனிலும் புது இடத்தைக் காட்டி ரைட் (சேமிப்பு) கொடுத்தேன். பழைய பேங்கில் இன்னும் கை வைக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. கம்ப்யூட்டரில் இருந்த பாடல் ப்ராஜெக்டுகளும் பழைய எண்களையே மிடி (இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக அனுப்புகின்றன: பேங்குக்கு கன்ட்ரோல் சேஞ்ச் 0, 32 என்ற கட்டளைகள், அதன்பின் சவுண்டுக்கு புரோகிராம் சேஞ்ச். மிடியில் புரோகிராம் எண் 0 முதல் 127 வரை. திரையில் 1 முதல் எண்ணும் மென்பொருளில் ஒரு எண் தள்ளிப்போகும், கவனம்.

சொந்த சாம்பிள் (பதிவு செய்த ஒலி) வைத்திருப்பவர்கள் சாம்பிள் டேட்டாவும் சேவ் ஆகிறதா என்று கட்டாயம் பாருங்கள். என் கருவியில் அதற்குத் தனி டிக் இருக்கிறது.